மதுரையில் படித்து வேதியியல் ஆசிரியராவது எப்படி?

எந்த வகுப்புக்குக் கற்பிக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் வேதியியல் தனிப்பாடம் அன்று. அங்கே பட்டதாரி ஆசிரியராகச் சேர்பவர் அமிலம், காரம் மட்டுமின்றி உயிரியல் பாடத்தில் வரும் அட்டையையும் முயலையும் சேர்த்தே நடத்தியாக வேண்டும். அதற்கு பி.எஸ்சி.யும் பி.எட்.டும் வேண்டும். மேல்நிலை வகுப்புகளில் வேதியியலை மட்டும் நடத்தும் முதுகலை ஆசிரியராவதற்கு எம்.எஸ்சி.யும் தேவை என்பதால், 3, 2, 2 என்று மொத்தம் 7 ஆண்டுகள் ஆகும்.

அடுத்தது பட்டப்படிப்பு. மதுரைக் கல்லூரி, அமெரிக்கன் கல்லூரி, தியாகராசர் கல்லூரி, பெண்களுக்கு லேடி டோக், பாத்திமா என்று நகருக்குள்ளேயே போதிய வாய்ப்புகள் உள்ளன. வேதியியலை ஒட்டிய வேறு பெயருள்ள பட்டத்தில் சேர்வதாயின், அது வேதியியலுக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்பதைச் சேரும் முன்பே பார்த்துவிடுங்கள். படித்து முடித்த பிறகு பார்ப்பதில் பயனில்லை. உப்புப் பகுப்பாய்வையும் தரம்பார்த்தலையும் தேர்வோடு மறந்துவிடாதீர்கள். நாளை பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் கையில் பியூரெட்டைக் கொடுக்கப் போகிறவர் நீங்கள்தான்.

மூன்றாவது படி பி.எட். இது 2015 முதல் ஈராண்டுப் படிப்பாகிவிட்டது. அதில் 20 வாரங்களாவது பள்ளி சார்ந்த பயிற்சியில் கழியும். என் கருத்தில் ஆசிரியர் உருவாவது அந்த வாரங்களில்தான். திருமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் நான் பயிற்சிக்குச் சென்றபோது, முதல் நாள், அமிலமா காரமா என்பதை நிறமாற்றத்தால் காட்டும் நிறங்காட்டியின் வரையறையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்களே ஒழிய எவர் முகத்திலும் தெளிவில்லை. மறுநாள் ஒரு தட்டில் மஞ்சள் நீரை வைத்து, அதில் சிறிது சுண்ணாம்பைக் கரைத்தேன். "ஆரத்தி!" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. சுண்ணாம்பு காரம், காரத்தில் மஞ்சள் சிவக்கும், எலுமிச்சைச் சாற்றை விட்டால் மீண்டும் மஞ்சளாகும் என்று அவர்களே சொல்லி முடித்த பிறகு, ஆய்வக நிறங்காட்டியான பினால்ப்தலீன் என்ற பெயர் யாரையும் அச்சுறுத்தவில்லை. உங்கள் பாடக்குறிப்பிலும் ஒவ்வொரு கருத்துக்கும் இப்படி ஒரு வீட்டுப் பொருளை முதலில் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, ஒரு மோல் நீர் என்றால் 18 கிராம், அதாவது ஏறத்தாழ ஒரு மடக்கு, அதற்குள் 6.022 × 10²³ மூலக்கூறுகள்.

கடைசியாகத் தேர்வுகள். பட்டதாரி ஆசிரியர் பணிக்கு ஆசிரியர் தகுதித் தேர்வின் (டெட்) இரண்டாம் தாளில் தேர்ச்சி வேண்டும். அதன் 150 வினாக்களில் கணிதமும் அறிவியலும் சேர்ந்து 60. குழந்தை மேம்பாடு, தமிழ், ஆங்கிலம் தலா 30. கணிதத்தை விட்டு வெகுநாளானவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். இத்தேர்ச்சி வாழ்நாள் முழுவதும் செல்லும் என்றாலும் அதுவே வேலையாகிவிடாது. ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வை அதன் பிறகு தனியே எழுத வேண்டும்.

முதுகலை ஆசிரியர் தேர்வில் வேதியியலுக்கு 110, கல்வியியலுக்கு 30, பொது அறிவுக்கு 10 வினாக்கள். அதனுடன் பத்தாம் வகுப்புத் தரத்தில் 50 மதிப்பெண்ணுக்குக் கட்டாயத் தமிழ்த் தகுதித் தேர்வும் உண்டு. அதில் 20 பெறாதவரின் வேதியியல் விடைத்தாள் திருத்தப்படுவதே இல்லை என்பதால், பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலுக்கும் நாள்தோறும் அரைமணி நேரம் ஒதுக்கி வையுங்கள்.