கோடிங் தெரியாமல் மாதச் சந்தா தளம் தொடங்க

பிளவுஸ் கட்டிங்கும் ஆரி வேலையும் சொல்லித்தரும் ஒருவர், மாதம் 199 ரூபாய் கட்டியவர்களுக்கு மட்டும் பாடங்கள் தெரிகிற மாதிரி ஒரு தளம் வைக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்றைக்கு அதற்கு ஒரு வரி கோடிங் கூடத் தெரிய வேண்டாம். பலரும் மாட்டிக்கொள்வது தளம் கட்டுவதில் அல்ல, பணம் வாங்கும் இடத்தில்தான். அதனால் முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

இதைப் பற்றிச் சொல்லித்தரும் வெளிநாட்டு வீடியோக்கள் பெரும்பாலும் சப்ஸ்டாக், கோஸ்ட் என்ற சந்தாத் தளங்களைக் கைகாட்டும். இரண்டும் நல்லவைதான். ஆனால் சந்தா வாங்க இரண்டுமே ஸ்ட்ரைப் என்ற, இணையத்தில் பணம் வாங்கித் தரும் நிறுவனத்தை நம்பியிருக்கின்றன, ஸ்ட்ரைப்போ 2024 முதல் இந்தியாவில் அழைப்பு இருந்தால்தான் புதுக் கணக்கு தருகிறது. பாடமெல்லாம் ஏற்றி, படமெல்லாம் போட்டு அழகுபடுத்திவிட்டுக் கடைசியில் இது தெரியவந்தால் உழைப்பு அத்தனையும் வீண். எந்தத் தளத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இங்கே பணம் வாங்கித் தரும் ரேசர்பே போன்ற ஒரு நிறுவனத்தோடு இணையுமா, யூபிஐ மூலம் பணம் வருமா?

பணம் வாங்கும் கணக்குக்கு பான் கார்டும் வங்கிக் கணக்கும் அவசியம். தளம் வைத்தால் அதில் நாலைந்து பக்கங்கள் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்: தொடர்பு விவரம், விதிமுறைகள், தனியுரிமை, பணம் திருப்பித் தருவது பற்றிய கொள்கை. இவை இல்லாவிட்டால் அந்தத் தளத்தில் பணம் வாங்க விட மாட்டார்கள். வேறு யாருடைய தளத்திலிருந்தோ காப்பி அடிக்காதீர்கள், குறிப்பாகப் பணம் திருப்பித் தரும் விதியை நீங்களே யோசித்து எளிய தமிழில் எழுதுங்கள், ஏனென்றால் நாளைக்கு ஒரு அக்கா போன் பண்ணி "எனக்கு இது சரிப்பட்டு வரல, காசைத் திருப்பிக் கொடுங்க" என்று கேட்கும்போது உங்களுக்குத் துணைக்கு வருவது அந்தப் பக்கம்தான்.

பணம் வாங்கித் தருவதற்கு அந்த நிறுவனம் எடுக்கும் வழக்கமான கட்டணம் 2 சதவீதம், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 199 ரூபாயில் சுமார் 4 ரூபாய் 70 காசு போகும். மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் வசதிக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று விலைப்பட்டியலில் ஒருமுறை பாருங்கள். அந்த வசதிக்கு ரிசர்வ் வங்கியின் விதி ஒன்று உண்டு. ஒவ்வொரு முறை பணம் எடுப்பதற்கும் 24 மணி நேரம் முன்பே உறுப்பினருக்குத் தகவல் போக வேண்டும், அவர் நினைத்தால் அப்போதே நிறுத்திவிடலாம். நல்ல விதிதான், மக்களுக்குப் பாதுகாப்பு. ஆனால் மாதா மாதம் "இது நமக்குத் தேவையா?" என்று ஒருவர் யோசிக்க வாய்ப்பு வருகிறது என்பதையும் கணக்கில் வையுங்கள். ஆகவே மாதச் சந்தாவுக்குப் பக்கத்திலேயே 1,499 ரூபாய்க்கு ஒரு வருடச் சந்தாவும் வையுங்கள் என்பேன். ஒருமுறை கட்டினால் முடிந்தது, தானாகப் பணம் எடுக்கும் சிக்கலே இல்லை.

சரி, தளம். முதல் இருபது முப்பது பேருக்குத் தளமே வேண்டாம். ரேசர்பேயில் ஒரு பணம் கட்டும் பக்கம், ஒரு தனிப்பட்ட டெலிகிராம் சேனல், நீங்கள் அனுமதித்தால்தான் உள்ளே வர முடிகிற லிங்க், அவ்வளவுதான். சந்தா முடிந்தவர்களைக் கையால் நீக்க வேண்டியிருக்கும், எண்ணிக்கை கூடக் கூட அது பெரிய தலைவலி ஆகும். ஆனால் ஜனங்கள் காசு கொடுத்து இதைக் கற்க வருவார்களா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

வருகிறார்கள் என்றால் அடுத்து கிராஃபி மாதிரி ஆயத்தத் தளம். நம் நாட்டு நிறுவனம், பணம் வாங்குவது, வீடியோ பாதுகாப்பு, சொந்தப் பெயரில் முகவரி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். வருடக் கட்டணம் கையைக் கடிக்கலாம். தளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் பெயிட் மெம்பர்ஷிப்ஸ் புரோ போன்ற பிளகின் (கூடுதல் வசதி தரும் இணைப்பு) போட்டால் செலவு குறையும், ஆனால் ஹோஸ்டிங் (தளத்தை வைக்க வாடகை இடம்), அப்டேட், பேக்கப் எல்லாம் உங்கள் தலையில். ஒரு அப்டேட்டில் தளம் முடங்கினால் சரிசெய்ய வீட்டிலோ தெரிந்தவர்களிலோ ஆள் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

வீடியோவை எங்கே வைப்பது என்பதில் கவனம் வேண்டும். யூடியூபில் அன்லிஸ்டட் என்று போட்டால் லிங்க் கிடைத்த யாரும் பார்க்கலாம், அது வாட்ஸ்அப்பில் ஊர் சுற்ற எவ்வளவு நேரம் ஆகும்? விமியோ என்ற வீடியோ தளத்தின் கட்டணத் திட்டங்களில் உங்கள் தளத்தில் மட்டும் ஓடும்படி பூட்ட முடியும். அதற்கும் மேலே, ஸ்க்ரீன் ரெக்கார்டிங் செய்கிறவரை முழுசாகத் தடுக்க வழியில்லை, அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் நேரலையில் சந்தேகம் கேட்கலாம், தைத்த பிளவுஸைப் போட்டோ எடுத்து அனுப்பினால் எங்கே கை இறுக்கம், எங்கே கழுத்து இறக்கம் என்று நீங்களே பார்த்துச் சொல்வீர்கள் என்றால், அதைத் திருடி யாருக்கும் அனுப்ப முடியாது. சந்தாவை அதற்காகத்தான் புதுப்பிப்பார்கள்.

திறப்பதற்கு முன் வீட்டில் டெக் விஷயம் அதிகம் தெரியாத ஒருவரிடம் போனைக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் பாருங்கள். பணம் கட்டுவதிலிருந்து முதல் பாடத்தைத் திறப்பது வரை அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே திருத்துங்கள். கடவுச்சொல்லை மறந்தால் வருகிற மெயில் ஸ்பாமுக்குப் போகிறதா என்றும் பாருங்கள். போன் எண்ணுக்கு ஓடிபி வந்து உள்ளே போகும் வசதி இருந்தால் அதையே வையுங்கள், நம் ஆட்கள் பலர் மெயிலையே திறப்பதில்லை.

சிங்கப்பூர், மலேசியா, கனடா பக்கம் இருக்கும் தமிழர்களும் சேர வேண்டும் என்றால் வெளிநாட்டு கார்டுகளை ஏற்கும் வசதியைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், கட்டணமும் கூடுதல். வருடத்தின் மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போது ஜிஎஸ்டி பதிவு வரும், அதற்கு முன்பே ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். அப்புறம், எந்தத் தளத்தில் இருந்தாலும் மாதம் ஒருமுறை உறுப்பினர் பெயர், போன் எண், மெயில், சந்தா முடியும் தேதி எல்லாவற்றையும் எக்செலாக இறக்கி உங்களிடம் வையுங்கள். அந்த நிறுவனம் விலையை ஏற்றினாலும் கடையை மூடினாலும் அடுத்த நாளே வேறு இடத்தில் தொடங்கலாம்.