லெப்பர்டு கெக்கோ தொட்டிக்கு மணல் வேண்டாம், சொரசொரப்பான டைல்ஸ் போதும்

முதன்முறையாக லெப்பர்டு கெக்கோ என்னும் செல்லப் பல்லியை வளர்ப்பவர்கள், தொட்டியில் பரப்ப மணல் வாங்குவதைவிட, கடையில் மீந்து கிடக்கும் சொரசொரப்பான தரை டைல்ஸைத் தொட்டியின் அளவுக்கு வெட்டி வாங்கிப் போடுவது நல்லது. அடியில் உள்ள வெப்பப் பாயின் சூட்டை டைல்ஸ் உள்வாங்கி நெடுநேரம் தக்கவைப்பதால், இரை தின்றபின் வயிற்றைத் தரையோடு அழுத்திப் படுத்திருக்கும் இந்தப் பல்லிக்குச் செரிமானம் எளிதாகிறது. புழுவைக் கவ்வும்போது மணலும் உள்ளே போய்க் குடலை அடைக்கும் ஆபத்து, குறிப்பாகக் குட்டிகளுக்கு, இல்லாமல் போகிறது. வழவழப்பான டைல்ஸை எடுக்கவே கூடாது. நம் வீட்டுச் சுவரில் ஏறும் பல்லிக்கு இருப்பதுபோல் இதன் விரல்களில் ஒட்டும் பட்டைகள் கிடையாது, சிறு நகங்கள்தாம் உண்டு என்பதால் கால் வழுக்கும். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கருவி இல்லாமல் வெப்பப் பாயை இயக்கக் கூடாது; சூடான பக்கத்தில் டைல்ஸின் மேற்பரப்பு சுமார் 32 டிகிரி செல்சியஸில் நிற்கிறதா என்று அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும். டைல்ஸ் மிகவும் தடித்திருந்தால் சூடு மேலே வராது.

புதிதாக வந்த பல்லிக்கு முதல் சில வாரங்கள் டைல்ஸைவிட வெள்ளை டிஷ்யூ தாளே நல்லது, அதில் விழும் எச்சத்தைப் பார்த்து உடல்நிலையைக் கணிக்கலாம். முட்டையிடும் பருவத்துப் பெண் பல்லிக்கு, தோண்டுவதற்கு ஈரமான கோகோபீட் நிரப்பிய ஒரு டப்பாவைத் தனியாக வைக்க வேண்டும்.