நிலம் எவ்வளவு இறங்கும்? சிங்கப்பூர்ச் சுரங்கக் கணக்கில் சறுக்கும் இடங்கள்

சுரங்கம் குடைந்தால் மேலே நிலம் கொஞ்சமாவது இறங்கத்தான் செய்யும். இயந்திரம் வெட்டி எடுக்கும் மண்ணின் கன அளவு, கடைசியில் உள்ளே நிற்கும் கான்கிரீட் வளையம் அடைத்துக்கொள்ளும் கன அளவைவிடச் சற்று அதிகம். அந்த மிகுதிதான் எங்கள் பேச்சில் 'வால்யூம் லாஸ்'. 6.6 மீட்டர் விட்டமுள்ள எம்ஆர்டி (பெருவிரைவு ரயில்) சுரங்கம் ஒன்று 20 மீட்டர் ஆழத்தில், களிமண்ணில் போகிறது, இந்த இழப்பு சுரங்கக் கன அளவில் 1 விழுக்காடு என்று வையுங்கள். நேர் மேலே சுமார் 14 மில்லிமீட்டர் இறக்கம் வரும். இருபுறமும் போகப்போகக் குறைந்து, 25, 30 மீட்டரில் அடங்கிவிடும். 1969இல் மண் பொறியியலாளர் பெக் முன்வைத்த மணி வடிவ வளைகோடு இது. கால்குலேட்டர் இருந்தால் இரண்டு நிமிட வேலை. விடை இவ்வளவு சுலபமாக வந்துவிடுவதால்தான் பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அந்த 1 விழுக்காடு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பெரும்பாலும் பழைய ஒப்பந்த அறிக்கை ஒன்றைக் காட்டுவார்கள். சிறிய தீவுதான், ஆனால் நடுவே புக்கிட் தீமா கிரானைட், கிழக்கே கெட்டியான பழைய வண்டல், காலாங், மரினா பக்கம் வெண்ணெய் போன்ற கடற்களிமண், நகர மையத்தில் பாறாங்கற்கள் கலந்த களிமண். ஒரே ரயில் பாதை சில நிலையங்களுக்குள் இவற்றில் இரண்டு மூன்றைத் தாண்டிவிடும். முழுப் பாதைக்கும் ஒரே எண்ணைப் போடுவது முதல் தவறு. இயந்திரத்தின் எதிரே கீழ்ப்பாதி பாறை, மேல்பாதி மக்கிய மண் என்று இருந்தால் இன்னும் மோசம். வெட்டுத்தலை பாறையில் திணறிக்கொண்டிருக்கும்போது மேல்மண் தாராளமாக உள்ளே வந்துவிடும். அங்கே வருவது மணி வடிவ இறக்கம் அல்ல. சாலையில் திடீர்ப் பள்ளம். அந்த இடத்துக்கும் வளைகோட்டை வரைந்து அறிக்கையில் ஒட்டுவது, என்னைக் கேட்டால், நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. வளையத்துக்கு வளையம் எவ்வளவு மண் வெளியே வந்தது என்று எடை போட்டுப் பார்ப்பதே அங்கு உருப்படியான வேலை.

ஆனால் சிங்கப்பூரில் கணக்கு தப்புவதற்கு இயந்திரத்தைவிடத் தண்ணீரே பெரிய காரணம் என்பது என் கருத்து. கடற்களிமண்ணுக்கு அடியில் பல இடங்களில் மணல் அடுக்கோ, வெடிப்பு விழுந்த பாறையோ இருக்கும். நிலையத்துக்குத் தோண்டும் குழியிலோ, இரண்டு சுரங்கங்களை இணைக்கும் குறுக்கு வழியிலோ கசிவு ஏற்பட்டால், அந்த அடுக்கின் நீரழுத்தம் இறங்கும். அன்று மேலே சாலையில் ஒன்றும் தெரியாது. இறக்கத்தை அளக்கப் பதித்த தரைக் குறியீடுகள் அசையாமல் நிற்கும். நிலத்தடி நீரழுத்தத்தை அளக்கும் பீசோமீட்டரின் வரைபடம் மட்டும் படிப்படியாகக் கீழே போகும். அடி அடுக்கில் நீர்மட்டம் 5 மீட்டர் இறங்கினால், களிமண்ணின் அடிப்பகுதிக்குக் கூடும் சுமை சுமார் 50 கிலோபாஸ்கல். அதாவது, இரண்டரை மீட்டர் உயரத்துக்கு மண் கொட்டினால் வரும் பாரம். களிமண் தன் நீரை மெதுவாகத்தான் விடும் என்பதால் இறக்கம் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் தொடரும். 30 மீட்டரில் அடங்குவதும் இல்லை. அடி அடுக்கு எதுவரை ஓடுகிறதோ அதுவரை பரவும். இயந்திரம் கடந்துபோன சில வாரங்களில் அளவீட்டை நிறுத்துவதும், நீர் இறங்கிய பிறகு மறுஊட்டக் கிணறு (நிலத்துக்குள் நீரைத் திரும்பச் செலுத்தும் கிணறு) போட ஓடுவதும் இதனால்தான் தவறு. கிணறு முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

மென்பொருள் சொன்னது என்ற தைரியம் அடுத்தது. 2004 ஏப்ரல் 20 அன்று எம்ஆர்டி வட்டப் பாதைக்காக நிக்கல் நெடுஞ்சாலை அருகே தோண்டிய ஆழமான குழி சரிந்து நால்வர் இறந்தனர். அது குடைந்த சுரங்கம் அல்ல, மேலிருந்து வெட்டி மூடும் வகை. ஆனால் பாடம் இரண்டுக்கும் பொது. நீர் வடியாத நிலையில் உள்ள மென்களிமண்ணின் வலிமையை, கணினி மாதிரியில் பயன்படுத்திய முறை உண்மையைவிடக் கூட்டிக் காட்டியது. அதனால் குழியைத் தாங்கும் சுவரின் வளைவு ஏறக்குறையப் பாதியாகக் கணிக்கப்பட்டது. தாங்கு சட்டங்களின் இணைப்புகளும் பலவீனமாக வடிவமைக்கப்பட்டிருந்தன. வண்ணப் படம் எவ்வளவு அழகாக வந்தாலும், உள்ளே கொடுத்த களிமண் வலிமையை ஆய்வுக்கூட, களச் சோதனை எண்களோடு கையால் ஒப்பிட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். களத்தில் அளந்த நகர்வு கணிப்பைத் தாண்டியதும், மாதிரியின் எண்ணைக் கொஞ்சம் திருகிப் பொருத்திவிட்டு வேலையைத் தொடர்வது அதைவிடப் பெரிய தவறு.

கட்டடங்களுக்கு வருவோம். 'அதிகபட்சம் 15 மில்லிமீட்டர்தான், பயமில்லை' என்பார்கள். கட்டடம் முழுவதும் சீராக இறங்கினால் 15 என்ன, அதற்கு மேலும் தாங்கும். ஒரு முனை நிற்க மறுமுனை இறங்குவதுதான் சுவரைக் கிழிக்கும். சிராங்கூன் சாலையின் பழைய கடைவீடுகளைப் பின்பக்கமிருந்து பாருங்கள். முன்கட்டு ஒரு அடித்தளம். பிற்காலத்தில் ஒட்டிக் கட்டிய சமையற்கட்டு வேறு அடித்தளம். விரிசல் முதலில் அந்த ஒட்டில் வரும். வளைகோட்டின் உச்சியைவிட, அந்த ஒட்டு விழும் இடத்துச் சரிவே நமக்கு வேண்டிய எண். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் கதை தலைகீழ். ஆழமான பைல்கள் (நிலத்தில் இறக்கிய அடித்தளத் தூண்கள்) மேல் நிற்கும் புளோக் ஏறக்குறைய அப்படியே இருக்கும். சுற்றியுள்ள தரை இறங்கும். இடையில் மாட்டிக்கொள்வது நடைபாதை ஓரமும் கழிவுநீர்க் குழாயும்.

இன்னொன்று. இரட்டைச் சுரங்கத்தில் இரண்டாவதற்கும் முதலாவதன் எண்ணையே போடுகிறார்கள். முதல் சுரங்கம் ஏற்கெனவே தளர்த்திய மண்ணில் அது போகிறது. இழப்பைக் கூட்டித்தான் வைக்க வேண்டும்.

அடிப்படை அளவீட்டையும் அவசரமாக எடுக்காதீர்கள். கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலம் சுரங்கம் வராமலேயே மெல்ல இறங்கக்கூடியது. வெயில் ஏற ஏறச் அளவீட்டுக்காகச் சுவரில் ஒட்டிய பிரிசமும் கொஞ்சம் நகரும். இயந்திரம் வருவதற்கு ஒரு வாரம் முன்பு மட்டும் அளந்தால், எது சுரங்கத்தின் வேலை, எது நிலத்தின் பழைய வழக்கம் என்று பிரிக்கவே முடியாது. எச்சரிக்கை அளவு தாண்டிய நாளில் ஒப்பந்ததாரரும் ஆலோசகரும் அதைப் பற்றியே வாதாடிக்கொண்டிருப்பார்கள். சில மாதங்கள் முன்பே, காலை, மாலை இரண்டிலும் அளந்து வையுங்கள்.