டி.டி.எஸ். பயிற்சியில் சேருமுன் கேட்க வேண்டியது

யூத் வித் எ மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழியக் குழுவில் சேர நினைக்கும் தம்பி, தங்கைகளே, 1960இல் தொடங்கிய இந்த இயக்கத்தில் சம்பளம் கிடையாது. முதற்படி டி.டி.எஸ். எனும் சீஷத்துவப் பயிற்சி: சுமார் 12 வாரம் வகுப்பு, பிறகு 8 முதல் 12 வாரம் வரை களப்பணி.

விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடுங்கள்: களப்பணிப் பயணச் செலவு கட்டணத்துக்குள் அடங்குமா? பல மையங்களில் அது தனி. வகுப்பு முடியும் தறுவாயில் பணம் திரட்ட அலைந்தால் ஜெபத்திலும் வேத தியானத்திலும் மனம் நிற்காது. ஆகவே வீட்டுக்குச் சொன்ன கையோடு சபையிலும் சொல்லிவிடுங்கள். போதகரின் பரிந்துரைக் கடிதமும் தேவைப்படும். மாதந்தோறும் பணம் கொடுத்துத் தாங்க முன்வருபவர்களுக்கு, களத்திலிருந்து ஜெபக் குறிப்புகளைத் தவறாமல் அனுப்புங்கள். அது அவர்களுக்கு நீங்கள் செலுத்த வேண்டிய கடன்.