மூன்று நட்சத்திரம் என்றால் சுமார் என்று அர்த்தமில்லை

ஒரு நாவலைப் பற்றிப் பத்துப் பேர் எழுதியிருக்கிறார்கள். ஐந்து பேருக்குக் கீழே வைக்கவே மனசில்லை. மூன்று பேருக்குக் காசு தண்டம். ஒருவர் பாதியில் நிறுத்திவிட்டார். கடைசி ஆளுக்குப் பார்சல் நனைந்து வந்திருக்கிறது, அந்தக் கோபத்தில் நாவலாசிரியருக்கு ஒற்றை நட்சத்திரம். துப்பறியும் கதை, சரித்திரக் கதை, குடும்ப நாவல், பேய்க்கதை என எதை எடுத்தாலும் கருத்துகள் இப்படித்தான் இறைந்து கிடக்கின்றன. இவற்றை நம்பிப் புத்தகம் வாங்குவதிலும், நாமே ஒன்று எழுதுவதிலும் நான் அடிக்கடி சறுக்கிய இடங்களைச் சொல்கிறேன்.

எல்லாரும் செய்வது, சராசரியைப் பார்த்து முடிவெடுப்பது. 100 பேரில் 50 பேர் ஐந்து நட்சத்திரமும் 50 பேர் ஒன்றும் போட்டால் சராசரி மூன்று. 100 பேரும் மூன்றே போட்டாலும் அதே மூன்றுதான். இரண்டாவது ரகப் புத்தகத்தை ரயிலில் படித்துவிட்டு சீட்டிலேயே மறந்து இறங்கிவிடலாம். முதல் ரகம் யாரையோ கிறுக்குப் பிடிக்க வைத்திருக்கிறது, யாரையோ எரிச்சல்படுத்தியிருக்கிறது. எனக்கு அதைத்தான் முதலில் எடுக்கத் தோன்றும். திட்டுகிறவர் என்ன காரணம் சொல்கிறார் என்று பாருங்கள். "கடைசி வரைக்கும் பேய் வரவே இல்லை" என்று ஒரு நாவலை ஒருவர் திட்டியிருந்தார். அந்த ஒரு வரிக்காகவே வாங்கினேன், வீண் போகவில்லை.

இதைவிடப் பெரிய தவறு, புத்தகம் தருவதாகச் சொல்லாத ஒன்றை அதனிடம் கேட்பது. 'பொன்னியின் செல்வ'னை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கதை கடைசிவரை பட்டென்று உடைத்துச் சொல்வதில்லை. (சோழ இளவரசன் கொல்லப்பட்டான் என்பது சரித்திரம், முடிவை உளறிவிட்டேன் என்று சண்டைக்கு வராதீர்கள்.) துப்பறியும் கதை படித்துப் பழகியவருக்கு இது ஏமாற்று வேலை. ஐந்து பாகம், 293 அத்தியாயம் படிக்க வைத்துவிட்டு ஆளைக் காட்டாமல் விட்டால் கோபம் வராதா? ஆனால் கல்கி கையில் இருந்த ஆதாரம் என்ன என்று பார்க்க வேண்டும். காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடிக் கல்வெட்டு, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில், ரவிதாசன், சோமன், பரமேஸ்வரன் ஆகியோரை, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று குறிப்பிட்டு, அவர்களும் உறவினர்களும் நிலம் இழந்ததைச் சொல்கிறது. கத்தி யார் கையில் இருந்தது, எந்த அறையில், என்ன பேச்சு நடந்தது என்பதெல்லாம் அதில் இல்லை. அந்த இடைவெளியில்தான் கல்கி நந்தினி என்ற கற்பனைப் பாத்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார். மர்மத்தை மர்மமாக விட்டது சரித்திரக் கதைக்காரரின் நேர்மை என்பது என் கட்சி. ஒப்புக்கொள்ளாதவர்களோடு இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

எதிர்ப்பக்கத்திலும் இதே தவறு உண்டு. "இதில் சரித்திரமே இல்லை, நந்தினி என்று ஒருத்தி இருந்ததற்கு ஆதாரம் எங்கே?" என்று குறை சொல்பவர்கள், வரலாற்று நூலைத் தேடிப் போய் நாவலுக்குள் நுழைந்துவிட்டவர்கள். தொடர் முடிந்தபோதே வாசகர்கள் "அப்புறம் என்ன ஆயிற்று?" என்று துளைத்து, கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதிப் பாத்திரங்களின் பிற்கால வாழ்க்கையைச் சொல்ல வேண்டியதாயிற்று. திருப்தியில்லாத வாசகர் நேற்று முளைத்தவர் அல்ல.

அதே நாவலைப் பற்றி இன்னொரு புகார்: இழுவை. சொன்னதையே திரும்பச் சொல்கிறார், ஒவ்வொரு அத்தியாயமும் யாராவது அலறுவதிலோ கதவு திறப்பதிலோ முடிகிறது. சரி, அது 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர். போன வாரம் என்ன நடந்தது என்பதை ஒரு வாரம் சமையல், ஆபீஸ், ஜுரம் எல்லாம் பார்த்துவிட்டு வந்தவருக்கு நினைவுபடுத்தியாக வேண்டும். எங்கள் தாத்தா வீட்டுப் பரணில் அந்தக் காலத்துத் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, காலிகோ ஒட்டி பைண்டு செய்த வால்யூம்கள் இருந்தன. ஒரு பக்கம் கதையும் ஓவியமும், திருப்பினால் தைல விளம்பரம், ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஜோக். அதில் படித்தபோது இழுவை தெரியவில்லை. விளம்பரம் வந்த இடத்தில் நானும் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அச்சுப் புத்தகமாக இரண்டு நாளில் முடிக்கப் பார்த்தபோதுதான் மூச்சு வாங்கியது. ஒரு நாளைக்கு மூன்று அத்தியாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

பெரிய மனிதர் சொல்லிவிட்டார் என்பதற்காக மண்டையாட்டுவதும் தவறுதான். அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன் சாதாரண ஆள் இல்லை. துப்பறியும் கதைகளை ஏன்தான் படிக்கிறார்களோ என்று 1944-இல் 'நியூயார்க்கர்' இதழில் எழுதினார். வாசகர்கள் கொதித்துக் கடிதம் போட்டார்கள், "இதையெல்லாம் படித்துவிட்டுப் பேசும்" என்று நல்ல நாவல்களின் பெயர்களை அனுப்பினார்கள். அவர் படித்தார், 1945-இல் இன்னும் மோசமாக எழுதினார். ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் டோரதி சேயர்ஸின் ஒரு நாவலில் தேவாலய மணி அடிக்கும் முறை பற்றிப் பக்கம் பக்கமாக வருகிறது. வில்சனுக்கு அது தாங்க முடியாத சலிப்பு. சேயர்ஸின் ரசிகர்களுக்கோ அந்த மணிகள்தான் நாவலின் உயிர். வில்சனிடம் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. பக்கங்களைத் தாண்டித்தான் படித்தேன் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். நம்மில் எத்தனை பேர் நாற்பதாம் பக்கத்தில் மூடிவைத்த நாவலுக்கு, அதைச் சொல்லாமலே தீர்ப்பு எழுதுகிறோம்! "இத்தனாம் பக்கத்தோடு விட்டுவிட்டேன்" என்ற ஒரு வரி இருந்தால் அந்தக் கருத்துக்கு மதிப்புக் கூடுமே தவிரக் குறையாது.

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' வந்தபோதும் இதே வில்சன் 1956-இல் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார். கவிஞர் ஆடன் அதைக் கொண்டாடினார், இந்தப் புத்தகம் விஷயத்தில் யாருக்குமே மிதமான அபிப்பிராயம் இல்லை என்றும் எழுதினார். இருவரும் பெரிய படிப்பாளிகள். யார் பக்கம் மண்டையை ஆட்டுவீர்கள்? புத்தகத்தை எழுதிய டோல்கீன் பின்னர் எழுதிய முன்னுரையில், சிலர் குறையாகக் காட்டிய இடங்களையே வேறு சிலர் விசேஷமாகப் பாராட்டுகிறார்கள் என்று சொல்லிவிட்டு, ஒரே ஒரு குறையை ஒப்புக்கொண்டார்: புத்தகம் ரொம்பச் சின்னது. ஆயிரம் பக்கத்துக்கு மேல் எழுதியவர் சொல்கிறார்!

முடிவை உளறுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் செய்கிறார்கள். நூலகத்தில் எடுத்த ஒரு பாக்கெட் நாவலில், ஒன்பதாம் பக்கத்தில் ஒரு பெயரைப் பென்சிலால் வட்டமிட்டு "இவன்தான்" என்று எழுதியிருந்தது. எரிச்சலில் படிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டேன். வேறொரு சமயம் வேறு வழியில்லாமல் அதையே எடுத்துப் படித்தால், அவன் இல்லை. யாரோ அவசரக்குடுக்கை பாதியில் யூகித்து எழுதியிருக்கிறார். நேரடியாகப் பெயர் சொல்லாவிட்டாலும் "கடைசியில் ஒரு திருப்பம் இருக்கு பாருங்க" என்பதும் பாதி உளறல்தான். அதைப் படித்தவர் திருப்பத்துக்குக் காவல் இருந்தபடியேதான் கதையைப் படிப்பார்.

சில்லறைத் தவறுகள் சில. மொழிபெயர்ப்பு கரடுமுரடாக இருந்தால் அதை எழுதுங்கள், மூல ஆசிரியரை உதைக்காதீர்கள். பதினைந்து வயதில் உருகிய நாவலை நாற்பதில் திரும்பப் படித்து "அப்போது ஏமாந்துவிட்டேன்" என்று எழுதாதீர்கள், அந்தப் பதினைந்து வயது வாசகர் இப்போது வேறு வீட்டில் இருக்கிறார். நனைந்த பார்சலுக்கு விற்றவரிடம் சண்டை போடுங்கள்.

அப்புறம், படிக்காமலே ஒரு வகையையே ஒதுக்குவது. ரமணிசந்திரன் நாவல் என்றால் உதட்டைச் சுழிக்கும் ஆட்களில் நானும் ஒருவனாக இருந்தேன். மாதம் ஏழெட்டுக் குடும்ப நாவல் படிக்கும் என் அத்தையிடம் ஒருநாள், "எப்படியும் கடைசியில் சேரத்தானே போகிறார்கள், அதில் என்ன இருக்கு?" என்று கேட்டேன். "சேருவாங்கன்னு எனக்குத் தெரியாதா? எப்படிச் சேருறாங்கன்னு பார்க்கத்தானேடா படிக்கிறேன்" என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

பதிலுக்கு ஒரு கொலைக்கதையை அவருக்குக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து எப்படி இருந்தது என்று கேட்டால், "நல்லா இருந்துச்சு. மொதல்லயே கடைசிப் பக்கத்தைப் பார்த்துட்டேன். யாருன்னு தெரிஞ்சாத்தான் எனக்கு நிம்மதியாப் படிக்க முடியும்."