பழைய இன்டர்காம் கைக்கு வந்தால் செய்யக் கூடாதவை

சேலம் லீ பஜாரில் பெரியப்பா நடத்திவந்த ஜவ்வரிசி மண்டி என் பொறுப்புக்கு வந்தபோது தராசு, மேசை, இரும்புப் பெட்டி எல்லாவற்றையும் எண்ணி வாங்கிக்கொண்டேன். சுவரில் மாட்டியிருந்த இன்டர்காம் பெட்டியை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. பானாசோனிக் கேஎக்ஸ்-டிஇஎஸ் 824. வாங்கும்போது 3 வெளி லைன், 8 எக்ஸ்டென்ஷன் (உள்ளே மேசைக்கு மேசை வைக்கும் போன்) இருக்கும். கார்டு சேர்த்தால் 8 லைன், 24 எக்ஸ்டென்ஷன் வரை போகலாம். மேனுவல் இல்லை. மாட்டிக் கொடுத்தவர் ஊரை விட்டே போய்விட்டார்.

பாஸ்வேர்டு தெரியவில்லை என்றதும் ரீசெட் செய்தேன். நான் செய்த தவறுகளில் முதலாவதும் பெரியதும் இதுதான். பிறகு வந்த மெக்கானிக் அண்ணன் கேட்ட முதல் கேள்வி: “1234 போட்டுப் பாத்தீங்களாங்க?” இல்லை, பார்க்கவில்லை. இந்த மாடலுக்குக் கம்பெனி வைத்து அனுப்பும் பாஸ்வேர்டே 1234தான். முதல் ஜாக்கில் சிஸ்டம் போனை (இந்தப் பெட்டிக்கென்றே வரும், திரையும் பட்டன்களும் உள்ள போன்) மாட்டி, புரோகிராம் பட்டனை அழுத்தி, நட்சத்திரம், ஹாஷ், பாஸ்வேர்டு என்று போட்டால் உள்ளே போய்விடலாம். மாட்டியவர்களில் பாதிப் பேர் அதை மாற்றுவதே இல்லை என்று அண்ணன் சொன்னார்.

ரீசெட் செய்தால் போவது பாஸ்வேர்டு மட்டுமல்ல. எங்கள் மண்டியில் கணக்கு மேசை 21, குடோன் 24, பெரியப்பா அறை 26. ஒவ்வொரு போனின் அடியிலும் அவர் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது. ரீசெட்டுக்குப் பிறகு எல்லாம் 101 முதல் 108 வரை என்று மாறிவிட்டன. எந்த லைனுக்கு எந்த போனில் மணி அடிக்க வேண்டும், இரவில் அழைப்பு எங்கே போக வேண்டும், யார் வெளிநாட்டுக்குப் பேசக் கூடாது என்பதெல்லாம் அழிந்தது. இல்லாத லைன்களும் இருப்பதாகப் பெட்டி நினைத்துக்கொண்டது. வெளியே பேச எடுத்தால் சில நேரம் டயல் டோன் வரும், சில நேரம் வெறும் மௌனம். பயன்படாத லைன் போர்ட்டுகளை புரோகிராமில் ‘இணைப்பு இல்லை’ என்று மாற்றிய பிறகுதான் அது சரியானது.

இரண்டு வாரம் கழித்து குடோனில் மூட்டை தூக்குபவர் ஒருவர் மயங்கி விழுந்தார். கணக்கப்பிள்ளை பதறிப்போய் போனை எடுத்து 108 அழுத்தினார். ஆம்புலன்ஸுக்குப் போகவில்லை. எட்டாவது எக்ஸ்டென்ஷன் இருந்த ஸ்டோர் ரூமில் மணி அடித்தது. (செல்போனில் கூப்பிட்டோம், வந்தார்கள், அவர் நன்றாக இருக்கிறார்.) முன்பு ஏன் 21, 22 என்று இரண்டு இலக்கத்தில் எண் வைத்திருந்தார்கள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. 100, 101, 108, 112 ஆகியவற்றை எந்த மேசைக்கும் எண்ணாகக் கொடுக்காதீர்கள். கொடுக்காவிட்டாலும், வெளி லைனுக்கு 9 அழுத்த வேண்டிய பெட்டியில் 108-ஐ நேராக அழுத்தினால் போகாது. ஒவ்வொரு போனிலும் ‘9-108’ என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அப்புறம் இந்த பூஜ்ஜியம். பழைய பெட்டிகளில் எஸ்டிடி பூட்டு என்றால் பூஜ்ஜியத்தில் தொடங்கும் எண்களைத் தடுப்பதுதான். சேலத்துக்குள் பேசலாம், 04281 போட்டு ஏற்காட்டுக்குப் பேச முடியாது. ஆனால் 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து எந்த செல்போனுக்குப் பேசினாலும் முன்னால் பூஜ்ஜியம் சேர்க்க வேண்டும். அதற்கு முன் போட்ட பூட்டு அப்படியே இருந்தால் எந்த செல்போனுக்கும் அழைப்பு போகாது. லைன் கெட்டுவிட்டது என்று புகார் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்போம். இன்றைக்குப் பூட்ட வேண்டியது வெளிநாட்டு அழைப்புக்கான 00 மட்டும்தான் என்பது என் கருத்து. இன்னொன்று: நம் செல் எண்களில் பல 9-இல் தொடங்குகின்றன. புதிதாக வந்த பையன் நேராக எண்ணைப் போட்டால் முதல் 9-ஐ லைன் கேட்பதாகப் பெட்டி எடுத்துக்கொள்ளும், மீதி ஒன்பது இலக்கம்தான் வெளியே போகும். அதனால் 9, பிறகு 0, பிறகு பத்து இலக்கம். இதையும் எழுதி ஒட்டுங்கள்.

புரோகிராம் முடிந்ததும் 1234-ஐ விட்டுவைக்காதீர்கள். வெளியிலிருந்து கூப்பிட்டு உள் எண்ணை நேரடியாக அழுத்தும் வசதி சில பெட்டிகளில் உண்டு. அதைத் திறந்துவைத்து, எளிதில் ஊகிக்கக்கூடிய குறியீடும் இருந்தால், யாரோ ஒருவர் உங்கள் லைன் வழியாகவே வெளிநாட்டுக்குப் பேசுவார். பில் உங்களுக்கு வரும். தேவையில்லை என்றால் அந்த வசதியை அணைத்தே வையுங்கள். புதிய பாஸ்வேர்டைப் பெட்டி மேலேயே எழுதி வைப்பதும் வேண்டாம். கணக்குப் புத்தகத்தில் இருக்கட்டும்.

வயரிங்கில் ஒரு தவறு. டிஸ்பிளே உள்ள சிஸ்டம் போனுக்கு நான்கு கம்பி வேண்டும்: நடு இரண்டில் பேச்சு, ஓர இரண்டில் டேட்டா. சாதாரண இரண்டு கம்பி ஒயரில் மாட்டினால் திரை உயிர் பெறாது. போன் செத்துவிட்டது என்று நான் பழைய சாமான் கடைக்குக் கொடுக்க எடுத்தே வைத்திருந்தேன். அதைவிட மோசம், வெளி லைனை எக்ஸ்டென்ஷன் போர்ட்டில் செருகுவது. மணி அடிக்கும்போது லைனில் 75 வோல்ட் அளவுக்கு ஏசி மின்சாரம் வரும். கார்டு போனாலும் போகும், விரல் பட்டால் சுரீர் என்றும் இருக்கும். எது எது என்று தெரியாமல் குரோன் பட்டையில் (எல்லா போன் கம்பிகளும் வந்து சேரும் இணைப்புப் பட்டை) கம்பியைப் பிடுங்க வேண்டாம். முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அழைப்பை வேறு மேசைக்கு மாற்றிக் கொடுக்க ஃப்ளாஷ் பட்டனை (லைனை ஒரு நொடிக்கும் குறைவாகத் துண்டித்து இணைக்கும் பட்டன்) அழுத்தினால் லைன் அறுந்துபோகிறதா, அல்லது ஒன்றுமே நடக்கவில்லையா? போன் அனுப்பும் ஃப்ளாஷ் நேரமும் பெட்டி எதிர்பார்க்கும் நேரமும் பொருந்தவில்லை என்று அர்த்தம். பல சாதாரண போன்களில் 100, 300, 600 மில்லி செகண்டு என்று மாற்றிக்கொள்ளலாம். அதை மாற்றிப் பார்க்காமல் போனையே மாற்றாதீர்கள்.

ஏற்காட்டில் லாட்ஜ் நடத்தும் சித்தப்பா மகனுக்கு வேறு தலைவலி. சித்திரை, வைகாசியில் அங்கே இடி மின்னல் அதிகம். ஆபீசிலிருந்து காட்டேஜுக்கு மரத்துக்கு மரம் ஒயர் இழுத்திருந்தான், எர்த் இல்லை. ஒரே மழையில் மூன்று போர்ட் போனது. கட்டடத்தை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு கம்பி ஜோடிக்கும் சர்ஜ் தடுப்பான் (மின்னலால் திடீரென ஏறும் மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பிவிடுவது) வேண்டும்; அதற்கு ஒழுங்கான எர்த் இல்லையென்றால் இருந்தும் பயனில்லை.

ஃபைபருக்கு மாறியவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். செம்புக் கம்பி காலத்தில் எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்தது. கரண்ட் போனாலும் பெட்டி ஒரு போனை நேராக வெளி லைனோடு இணைத்துவிடும், பேசலாம். ஃபைபர் மோடத்துக்குக் கரண்ட் வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் பகல் முழுக்க மண்டி ஊமையாக இருந்தது. இப்போது மோடமும் பெட்டியும் ஒரே யுபிஎஸ்ஸில்.

எண்களைப் பழையபடி 21, 22 என்று மாற்றி வைத்தாயிற்று. பெரியப்பா ஒட்டிய சீட்டுகள் மீண்டும் பொருந்துகின்றன. 24 மட்டும் எலி கடித்ததால் புதிதாக எழுதினேன்.