மாணவர் தாளைத் தொடாமல் ஓவியம் சொல்லிக்கொடுப்பது எப்படி?

உயர்நிலை வகுப்புகளுக்கு ஓவியம் எடுக்கப் புதிதாகப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நன்றாக வரையத் தெரிந்தவர்கள்தான் சொல்லிக்கொடுக்கப் போய் அதிகம் தடுமாறுகிறார்கள். கை தானாக ஓடிப் பழகிவிட்டது. அது எப்படி ஓடுகிறது என்று ஒரு பிள்ளை கேட்டால் வாய் திணறுகிறது.

நான் பாடம் எடுக்கத் தொடங்கிய முதல் வருடம். ஒரு மாணவி பென்சிலில் முகம் வரைந்துகொண்டிருந்தாள். கண்கள் இரண்டும் நெற்றிக்கு ஏறியிருந்தன. "இங்கே கொடு" என்று பென்சிலை வாங்கி, அவள் போட்ட கண்ணை அழித்துவிட்டு, இரண்டே நிமிடத்தில் ஒரு கண்ணை இருக்கவேண்டிய இடத்தில் போட்டுக் கொடுத்தேன். "சூப்பர் சார்" என்றாள். மணி அடித்து எல்லோரும் போன பிறகு பார்த்தால், அந்தத் தாள் மேசையிலேயே கிடந்தது. நான் போட்ட கண் மட்டும் அப்படியே இருந்தது. மீதி முகத்தை அழித்துவிட்டுப் போயிருந்தாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி: மாணவர் தாளில் என் பென்சில் படாது. போட்டுக் காட்டித்தான் ஆகவேண்டும் என்றால் கையில் கொஞ்சம் துண்டுத்தாள் வைத்திருப்பேன். அதில் காட்டிவிட்டுக் கசக்கி எறிந்துவிடுவேன். கீழே வரும் படிகளை இந்த ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

படி 1: பொருள்களைக் குறைத்துக்கொள்ளுங்கள்

பென்சிலில் எச்.பி., 2பி, 6பி மூன்றும் போதும். பெரிய பெட்டி வாங்கினால் எதை எடுப்பது என்பதிலேயே பாதி நேரம் போய்விடும். எண்களுக்கு என்ன பொருள் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள். பொடித்த கிராஃபைட்டையும் களிமண்ணையும் கலந்து சுட்டெடுக்கும் முறையை 1795-இல் பிரான்சில் கோன்டே என்பவர் கொண்டுவந்தார். களிமண் கூடினால் பென்சில் கடினமாகும், அது எச் பக்கம். கிராஃபைட் கூடினால் மென்மையாகிக் கறுக்கும், அது பி பக்கம். இது தெரியாத பிள்ளைகள் எச்.பி. பென்சிலையே அழுத்தி அழுத்திக் கறுப்பாக்கப் பார்ப்பார்கள். தாளில் பள்ளம் விழும், மேலே பளபளவென்று ஒரு சாம்பல் நிறம் நிற்கும், கறுப்பு மட்டும் வராது.

பென்சில் வேலைக்கு 120 முதல் 150 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் நன்றாகத் தாங்கும். வாட்டர்கலருக்கு 300 ஜிஎஸ்எம். மற்ற எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பிடியுங்கள், வாட்டர்கலர் தாளில் மட்டும் வேண்டாம். மெல்லிய தாள் தண்ணீர் பட்டதும் அலை அலையாக எழும்பும். வண்ணம் பள்ளத்தில் தேங்கும். பிள்ளை தனக்குக் கை வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும்.

ரப்பரை முதல் இரண்டு வாரம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கோடு தப்பினால் அதன் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடச் சொல்லுங்கள். தப்பான கோடு கண்முன்னே இருந்தால்தான் சரியானது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று தெரியும்.

படி 2: முதல் வகுப்பில் தாளைப் பார்க்காமல் வரையட்டும்

பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் உள்ள சிக்கல் கையில் இல்லை. கண் என்றால் இலை வடிவம், நடுவில் ஒரு வட்டம் என்று சின்ன வயதிலேயே மனதில் ஒரு அச்சு விழுந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருப்பவரின் கண்ணைப் பார்ப்பதற்கு முன்பே கை அந்த அச்சைத் தாளில் இறக்கிவிடுகிறது. முதல் வேலை இந்த அவசரத்தைக் குறைப்பது.

தாளை மேசையில் டேப் போட்டு ஒட்டச் சொல்லுங்கள். வரையாத கையை மடக்கி, பக்கவாட்டில் வைத்து அதையே பார்க்க வேண்டும். தாள் பக்கம் தலை திரும்பக்கூடாது. கட்டைவிரல் தொடங்கும் இடத்தில் ஓர் எறும்பு இருப்பதாக நினைத்துக்கொள்ளட்டும். அது தோலின் ஓரமாக மெதுவாக ஊர்ந்து போகிறது. கண் அதன் கூடவே போகிறது, பென்சிலும் அதே வேகத்தில் தாளில் போகிறது. எறும்பு மடிப்பில் இறங்கினால் பென்சிலும் இறங்க வேண்டும். ஐந்து நிமிடம், பென்சிலை எடுக்காமல்.

முடித்துவிட்டுத் தாளைப் பார்த்ததும் வகுப்பே சிரிக்கும். விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். எனக்கு அந்தச் சிரிப்பு மிகவும் முக்கியம். "வகுப்பிலேயே நன்றாக வரைகிறவன்" என்று பெயர் வாங்கியவனுடைய கையும், "எனக்கு வராது சார்" என்று கடைசி வரிசையில் உட்காருகிறவனுடைய கையும் ஒரே மாதிரி கோணலாக இருக்கும். ஆனால் உற்றுப் பாருங்கள்: விரல் மடிப்புச் சுருக்கம், நகத்தின் ஓரம் என்று ஏதோ ஓர் இடத்தில் ஒரு கோடு அப்படியே உயிரோடு நிற்கும். அதைத் தேடிச் சுட்டிக்காட்டுங்கள், விரலால்தான்.

அப்புறம் அதே கையை இன்னொரு முறை, இப்போது அவ்வப்போது தாளைப் பார்த்துக்கொண்டு வரையட்டும். இந்தப் பயிற்சியை இரண்டு வகுப்பு ஓட்டலாம். மூன்றாவதில் ஏதாவது ஒரு கோட்டோவியத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்து வரையச் சொல்லுங்கள். தலைகீழாக இருக்கும்போது மூக்கு மூக்காகத் தெரியாது, வெறும் வளைவாகத்தான் தெரியும். மனதில் உள்ள அச்சுக்கு அங்கே வேலை இல்லை.

படி 3: அளந்து பார்க்கக் கற்றுக்கொடுங்கள்

கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, அதன் நுனிக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் பொருளின் உயரத்தைப் பிடிப்பது பழைய முறை, இன்றைக்கும் நல்ல முறை. முழங்கை மடங்கக்கூடாது. அது கொஞ்சம் மடங்கினாலும் அளவு மாறிவிடும். அளவு தப்பினால் பத்தில் எட்டுப் பேருக்கு முழங்கையில்தான் கோளாறு இருக்கும் என்பது என் கணக்கு.

ஒரு நாற்காலியை மேசைமேல் ஏற்றிவையுங்கள். நாற்காலியை வரைய வேண்டாம், அதன் கால்களுக்கு நடுவில் தெரியும் வெற்றிடங்களை மட்டும் வரையச் சொல்லுங்கள். நாற்காலிக்கால் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் 'தெரியும்'. இரண்டு கால்களுக்கு நடுவில் உள்ள ஓட்டை எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பார்த்துத்தான் ஆகவேண்டும். ஓட்டைகளை வரிசையாக வரைந்து முடித்தால் நாற்காலி தானாக வந்து நிற்கும்.

அட்டையில் சின்னச் செவ்வகம் வெட்டி, நடுவில் குறுக்கும் நெடுக்குமாக நூல் கட்டி, அதன் வழியாகப் பார்த்து வரையவும் சொல்லலாம். "இது காப்பி அடிப்பது மாதிரி இல்லையா சார்?" என்று யாராவது கேட்பார்கள். ஓவியர் வான்கா இப்படி ஒரு சட்டத்தைச் செய்து வாங்கி வைத்திருந்தார். 1882-இல் ஹேக் நகரில் இருந்தபோது தம்பிக்கு எழுதிய கடிதத்தில் அதைப் படமாகவே வரைந்து காட்டியிருக்கிறார் என்று சொல்லுங்கள். கேள்வி அடங்கிவிடும்.

முகத்துக்கு வரும்போது அளக்கும் வேலையைத் தங்கள் முகத்திலேயே செய்யட்டும். தலை உச்சியிலிருந்து முகவாய் வரை எடுத்தால் கண் ஏறக்குறைய நடுவில் வரும். நெற்றியிலும் முடியிலும் பார்க்க ஒன்றும் இல்லை என்று மனம் அவற்றைச் சுருக்கிவிடுகிறது, கண் மேலே ஏறிவிடுகிறது. அந்த மாணவியிடம் "பென்சிலால் உன் முகத்தை அளந்து பார்" என்று நான் சொல்லியிருந்தால் போதும்.

படி 4: ஒரே விளக்கு, ஒரு வெள்ளைப் பொருள்

ஷேடிங்கில், அதாவது ஒளியும் நிழலும் தீட்டுவதில், நிறையப் பேர் கோலிக்குண்டு மாதிரி ஒரு வட்டம் போட்டு ஓரத்தைக் கறுப்பாக்கி முடித்துவிடுவார்கள். பொருளைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். அறை விளக்குகளை அணைத்து, பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கு வைத்து, வெள்ளைப் பந்தையும் வெள்ளைத் தாள் சுற்றிய பெட்டியையும் வையுங்கள். நிறம் இல்லாததால் வெளிச்சம் மட்டும் தெரியும்.

வரைவதற்கு முன், தாளின் ஓரத்தில் ஐந்து கட்டம் போட்டு வெள்ளை முதல் கறுப்பு வரை படிப்படியாக நிரப்பட்டும். பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பந்தைப் பார்க்க வேண்டும். சில்லறை விவரங்கள் மறைந்து, வெளிச்சம் எங்கே முடிகிறது, இருட்டு எங்கே தொடங்குகிறது என்பது மட்டும் நிற்கும். மிக வெளிச்சமான புள்ளி, நடுத்தர நிறம், அழுத்தமான நிழல், மேசையிலிருந்து பந்தின் அடிப்பக்கத்துக்குத் திரும்பி அடிக்கும் வெளிச்சம், மேசைமேல் விழும் நிழல். இந்த ஐந்தையும் அவர்களே கண்டுபிடித்துச் சொல்லட்டும்.

நான்காவது கண்ணில் பட்டதும் பிள்ளைகளுக்கு உற்சாகம் தாங்காது, அதை வெள்ளை வெளேரென்று விட்டுவிடுவார்கள். பந்து ஓட்டை விழுந்த மாதிரி ஆகிவிடும். திரும்பி அடிக்கும் வெளிச்சமும் நிழல் பகுதிக்குள்தான் இருக்கிறது. வெளிச்சப் பக்கத்தில் உள்ள எதையும்விட அது கொஞ்சம் இருட்டாகவே இருக்கும். சந்தேகம் வந்தால், ஒரு துண்டுத்தாளில் சின்னத் துளை போட்டு அதன் வழியாக அந்த இடத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

விரலால் தேய்த்து மழுக்குவதை நான் அனுமதிப்பதில்லை. தேய்த்தால் உடனே 'நன்றாக' ஆகிவிட்ட மாதிரி தெரியும், அதுதான் தொல்லை.

படி 5: பெர்ஸ்பெக்டிவ், ஜன்னலில்

தள்ளிப் போகப் போகப் பொருள்கள் சிறுத்துத் தெரிவதைத் தாளில் காட்டுவதுதான் பெர்ஸ்பெக்டிவ். இதற்கு அளவுகோலோடு நாலு வகுப்பு செலவழிக்கிறவர்கள் உண்டு. எனக்கு ஒரு ஜன்னல் போதும். கண்ணாடி முன்னால் நின்று, ஒரு கண்ணை மூடி, தலையை ஆட்டாமல், வெளியே நம்மைவிட்டு விலகிப் போகும் சுவரின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் மார்க்கரால் கண்ணாடியிலேயே கோடு இழுக்கட்டும் (துடைத்தால் போகும் மார்க்கர்தானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்). அந்தக் கோடுகளை நீட்டினால் கண் மட்டத்தில் வந்து கூடும். குனிந்து நின்று இன்னொரு முறை செய்தால் அந்தப் புள்ளியும் கூடவே இறங்கிவிடும். பெட்டியும் தெருவும் அதற்குப் பிறகு எளிது.

படி 6: மூன்றே வண்ணங்கள்

இதுவரை ஐந்தாறு வாரம் ஆகியிருக்கும். பிள்ளைகள் "கலர் எப்போ?" என்று நச்சரித்திருப்பார்கள். சரி, கொடுங்கள், ஆனால் மஞ்சள், சிவப்பு, நீலம் மட்டும். கறுப்பும் டியூபில் வரும் பச்சையும் பெட்டியிலேயே இருக்கட்டும்.

முதல் நாள் ஊதா கலக்கச் சொல்லுங்கள். பாதிப் பேருக்குப் பழுப்பு வரும். காரணத்தை அவர்களையே தேடவிடுங்கள். ஆரஞ்சு பக்கம் சாய்ந்த சிவப்பை எடுத்திருந்தால், அதற்குள் ஏற்கெனவே மஞ்சள் இருக்கிறது. நீலம் சேர்ந்ததும் மூன்றும் கூடி மங்கிவிட்டன. ரோஜா பக்கம் சாய்ந்த சிவப்பை எடுத்தால் ஊதா தெளியும். இதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர்கள் வண்ணச் சக்கரத்தை மனப்பாடம் செய்யவேண்டியதில்லை.

அடுத்து ஒரு வேடிக்கை. ஒரே சாம்பல் நிறத்தில் இரண்டு சின்னச் சதுரம் வெட்டி, ஒன்றை ஆரஞ்சுத் தாளிலும் மற்றதை நீலத் தாளிலும் ஒட்டிக் காட்டுங்கள். ஆரஞ்சின்மேல் உள்ளது லேசாக நீலம் தட்டும், நீலத்தின்மேல் உள்ளது வெதுவெதுப்பாகத் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிசின் கோபலான் நெசவுக்கூடத்தில் கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. அங்கே சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரல் நூலைச் சோதித்தார். சாயத்தில் குறை இல்லை. கறுப்புக்குப் பக்கத்தில் நெய்திருந்த நிறங்கள்தான் அதை அப்படிக் காட்டின. "சார், நான் கலந்தது பேலட்டில் சரியாக இருந்தது, தாளில் மாறிவிட்டது" என்று யாராவது வந்தால் இந்தக் கதையைச் சொல்லலாம்.

படி 7: ஒரு வாஷ்

தண்ணீரில் கரைத்த வண்ணத்தைத் தாளில் சீராகப் பரப்புவதுதான் வாஷ். வாட்டர்கலரில் வெள்ளை என்பது தாள்தான். வெளிச்சத்தை முதலிலேயே ஒதுக்கிவைத்து, வெளிறிய நிறத்திலிருந்து அடர்த்திக்குப் போக வேண்டும்.

தாளை அட்டையில் ஒட்டி, மேல்பக்கத்துக்கு அடியில் ஒரு புத்தகம் வைத்துக் கொஞ்சம் சரிவாக்குங்கள். வண்ணத்தைத் தேவைக்கு மேலேயே கரைத்துக்கொள்ளட்டும், நடுவில் தீர்ந்தால் வேலை கெட்டது. பெரிய பிரஷை நன்றாக நனைத்து, மேலே இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. அந்தப் பட்டையின் கீழ்விளிம்பில் வண்ணத்தண்ணீர் மணி கோத்த மாதிரி திரண்டு நிற்கும். அடுத்த இழுப்பு அந்தத் திரட்டைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். அது கீழே இறங்கி வரும். இப்படியே அடிவரை. கடைசியில் பிரஷைத் துணியில் பிழிந்து, திரண்டதை உறிஞ்சி எடுத்துவிடலாம்.

பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதுதான் கடினம். அரைகுறையாகக் காய்ந்த இடத்தில் ஈரப் பிரஷை வைத்தால் தண்ணீர் நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய், காலிஃபிளவர் மாதிரி ஓரம் விட்ட கறை ஒன்று விழும். ஒவ்வொருவருக்கும் அது ஒருமுறை விழும், விழட்டும். காய்ந்ததும் நிறம் வெளிறும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அக்ரிலிக் இதற்கு நேர்மாறு, காய்ந்தால் ஒரு சாயல் கறுக்கும்.

படி 8: சுவரில் மாட்டிப் பேசுங்கள்

மாதம் ஒருமுறை எல்லாப் படங்களையும் சுவரில் ஒட்டிவிட்டு எதிரே நிற்போம். "நல்லா இருக்கு", "நல்லா இல்லை" இரண்டுக்கும் தடை. கண் முதலில் எங்கே போகிறது, எங்கே சிக்கிக்கொள்கிறது, எந்த இடம் பார்த்து வரைந்தது, எந்த இடம் நினைவிலிருந்து வந்தது? இந்தக் கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்லலாம். கடைசிக் கேள்விக்கு, வரைந்த பிள்ளையைத்தான் முதலில் பேசவிடுவேன். ஒவ்வொரு தாளின் பின்னாலும் தேதி இருக்கட்டும். மதிப்பெண் போடும்போது அடுத்தவர் படத்தோடு ஒப்பிடாமல் அவருடைய பழைய படத்தோடு ஒப்பிடலாம்.

கண்காட்சி வந்தால்தான் சோதனை. முந்தின நாள் மாலை, அறையில் யாரும் இல்லை, ஒரே ஒரு கோட்டைத் திருத்தினால் படம் நிமிர்ந்துவிடும் என்று கை பரபரக்கும். நான் பென்சிலை மேசை அறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் படங்களை மாட்டுவேன். போன முறை ஒரு ஜாடி இடப்பக்கம் சாய்ந்தபடியே தொங்கியது. பார்க்க வந்த ஒருவர் தன் தலையையும் அதே பக்கம் சாய்த்துப் பார்த்தார். வரைந்த பையன் அருகிலேயே நின்றிருந்தான். "தெரியும் சார், அளக்காமல் போட்டேன்" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் தொங்கிய அடுத்த ஜாடியைக் காட்டினான். அது நேராக நின்றது.